குருத்துவப் படிப்பு பத்தியும் கொஞ்சம் எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) முடிச்ச பிள்ளைகளுக்கு என்னென்ன கோர்ஸ் இருக்குன்னு உங்க பேப்பர்ல அடிக்கடி வருது, நல்லது, ஆனா குருவானவர் ஆகுறதுக்குப் படிக்கிற இறையியல் படிப்பு பத்தி ஒரு வரி கூட நான் பாக்கல. எங்க அங்கிலிக்கன் சபையிலயே நிறையப் பேர் பைபிளை நல்லா வாசிச்சா ஃபாதர் ஆகிடலாம்னுதான் நினைச்சிட்டு இருக்காங்க. கண்டிக்குப் பக்கத்துல பிலிமத்தலாவையில இருக்கிற இலங்கை இறையியல் கல்லூரி 1963ல அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரெஸ்பிடீரியன் சபைகள் சேந்து தொடங்கினது, தமிழ்லயும் சிங்களத்துலயும் படிப்பிக்கிறாங்க, வேதாகமம், திருச்சபை வரலாறு, பிரசங்கம் பண்றது, ஆக்களுக்கு ஆலோசனை சொல்றது, பௌத்தம் இந்து சமயம்னு எல்லாம் படிக்கணும், எங்க சபையில படிச்சு முடிச்சாலும் உடனே குருவானவர் இல்ல, முதல்ல டீக்கன்ங்கிற உதவிக் குரு, அதுக்குப் பிறகுதான் குருவானவர்.

அந்தக் கல்லூரி மாதிரி தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே விடுதியில இருந்து ஒண்ணா சாப்பிட்டு ஒண்ணா ஜெபிச்சுப் படிக்கிற இடம் இந்த நாட்டுல எத்தனை இருக்கு சொல்லுங்க? கொழும்புல ஒரே கோயில்ல காலைல இங்கிலீஷ், பிறகு சிங்களம், பின்னேரம் தமிழ்னு ஆராதனை நடக்குது, அங்க வேலை செய்யப் போற ஆளுக்கு அந்தப் பழக்கம் புத்தகத்தை விடப் பெரிசு (என்ர அபிப்பிராயம்தான்).

ஒரு கஷ்டம், தமிழ்ல நல்ல இறையியல் புத்தகம் குறைவு, இங்கிலீஷ் ஓடாத பிள்ளை பாடுபடுது. சபைகள் ஹோல் கட்டுற காசுல கொஞ்சத்தை மொழிபெயர்ப்புக்கு ஒதுக்கினா என்ன? உங்க ஞாயிறு இதழ்ல அந்தக் கல்லூரியில படிக்கிற ஒரு மாணவரையும் ஒரு மாணவியையும் பேட்டி எடுத்துப் போடுங்க.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6