வெள்ளிக்கிழமைச் சண்டைகள்: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

1950களில் அமெரிக்க டிவியில் வெள்ளிக்கிழமைதோறும் வந்த குத்துச்சண்டைகளின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, "குத்துல வேகமே இல்லையே அண்ணா" என்று எழுதியிருந்தாய். அந்தக் குறை வீரர்களுடையது அல்ல, பதிவினுடையது.

வீடியோ டேப் 1956இல்தான் வந்தது. அதுவரை நேரலையைச் சேமிக்க, டிவியின் படக்குழாய்த் திரை முன் பிலிம் கேமராவை நிறுத்திப் படம்பிடிப்பார்கள். பெரும்பாலும் 16 மி.மீ. பிலிம். இதற்குக் கினெஸ்கோப் என்று பெயர். அன்றைய அமெரிக்க டிவி வினாடிக்கு 60 அரைப்படங்களை (ஒன்றுவிட்டு ஒரு வரி மட்டும் கொண்டவை) காட்டியது; பிலிமில் 24 கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு அரைப்படங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். வினாடிக்கு 12 அரைப்படங்கள் பதிவாகாமலே போகும். வேகமாக நீளும் கை இரட்டை விளிம்போடு மழுங்கித் தெரிவது இதனால்தான். பெரிய பட்டச் சண்டைகளைத் திரையரங்குக்காகத் தனியே பிலிமில் எடுத்ததும் உண்டு. உனக்குப் பிடித்த வீரரை அதில் பார்.

கேமராவுக்கும் வருகிறேன். 1939 ஜூன் 1 அன்று மேக்ஸ் பேர், லூ நோவா சண்டையை நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்திலிருந்து என்பிசி டிவி நிறுவனம் சோதனையாக ஒளிபரப்பியது. அன்றைய ஐகனோஸ்கோப் கேமராவுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும். 1946இல் ஹெவிவெயிட் பட்டத்துக்காக ஜோ லூயிஸும் பில்லி கானும் மறுபடி மோதியபோது இமேஜ் ஆர்த்திகான் என்ற புதிய குழாய் கொண்ட கேமரா வந்துவிட்டது. குறைந்த ஒளியே போதும். அந்தக் கேமராவின் முகப்பில் சுழலும் தட்டில் நான்கு லென்ஸ்கள் இருக்கும். தட்டைச் சுழற்றும்போது படம் கலைந்துவிடும். அதனால் ஒளிபரப்பை முதலில் இன்னொரு கேமராவுக்கு மாற்றியாக வேண்டும். பளிச்சென்ற அசையாத காட்சியை நெடுநேரம் பார்த்தால் அதன் நிழல் குழாயில் ஒட்டிக்கொள்ளும். இத்தனை தொல்லைக்கும் குத்துச்சண்டை ஈடுகொடுத்தது: சிறிய மேடை, இரண்டே ஆட்கள், தலைக்கு மேல் நிலையான விளக்கு.

விளம்பரதாரருக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. 1944 செப்டம்பர் 29 அன்று வில்லி பெப், சாக்கி ரைட் சண்டையோடு சவர பிளேடு நிறுவனமான ஜில்லெட் டிவிக்குள் நுழைந்தது. மூன்று நிமிடச் சண்டை, ஒரு நிமிட ஓய்வு. 10 ரவுண்டு முழுக்கப் போனால் 39 நிமிடம், நடுவில் ஒன்பது இடைவேளை. 15 ரவுண்டு 59 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். முதல் ரவுண்டிலேயே நாக் அவுட் ஆனால்தான் திண்டாட்டம். மிச்ச நேரத்தைப் பழைய சண்டைப் படங்களை ஓட்டி நிரப்பினார்கள்.

உண்மையான சேதம் பேட்டைக் கிளப்புகளில் நடந்தது. நான்கு, ஆறு ரவுண்டு ஆடித் தொழில் பழகும் இடங்கள் அவை. வீட்டில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதற்கு யார் டிக்கெட் வாங்குவார்? வாசல் வசூல் படுத்தது, கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஆனால் வாராவாரம் டிவிக்கு ஆள் வேண்டுமே! தொழில் முழுக்கப் பழகாதவர்களையும் மேடையேற்றினார்கள். டிவியால் பெரும் பேர் பெற்ற சக் டேவியை 1953இல் சிகாகோவில் உலக சாம்பியன் கிட் கவிலானோடு மோதவிட்டார்கள். டேவி திரும்பத் திரும்பக் கீழே விழுந்தார். 10ஆவது ரவுண்டுக்கு எழுந்து வரவில்லை.

1962 மார்ச் 24 அன்று எமில் கிரிஃபித்திடம் அடிவாங்கிய பென்னி பாரெட் ஏப்ரல் 3 அன்று இறந்தார். அந்த அடிகளை நாடே நேரலையில் பார்த்திருந்தது. டிவி குத்துச்சண்டையை முடித்துவைத்தது அந்தச் சாவுதான் என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1964இல் வாராந்திர ஒளிபரப்பு நின்றதற்கு வெகு முன்பே, புதிய வீரர்களைத் தயார்செய்து அனுப்பிய கிளப்புகளில் பெரும்பாலானவை மூடிக் கிடந்தன.

அன்புடன்,
அண்ணன்