மாமியின்ர மெசினும் எங்கட கூரையும்

வெள்ளவத்தை

அன்புள்ள மச்சான்,

போனில கதைச்சால் நடுவில புகுந்து லெக்சர் அடிப்பாய், அதுதான் கடிதம். எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மொறட்டுவையில இடம் கிடைச்சிட்டுது. வாத்தியைப் போன கிழமை கண்டன், இன்னும் அந்த மஞ்சள் சேட்டுத்தான்.

விசயத்துக்கு வாறன். நாங்கள் சோலார் போடப்போறம்.

சிரிக்காதை. சூரிய பல சங்கிராமய எண்டு கூரைச் சோலார் திட்டத்தை 2016இல அரசாங்கம் தொடங்க, அடுத்த வருசமே பாய்ஞ்சு போய் ஒப்பந்தம் வைச்சு, கரண்டை மின்சார சபைக்கு வித்து யூனிட்டுக்கு 22 ரூபா வாங்கிக்கொண்டு எங்களுக்குப் பெருமையடிச்ச ஆள் நீ. ஏழு வருசம் முடிஞ்சு 15.50க்கு இறங்கின பிறகு உன்ர சத்தமே இல்லை. கவனிச்சனான்.

பகிடி இருக்கட்டும். மாமிக்கு நுரையீரல் இப்ப பெரிசா ஏலாது. காத்தில இருந்து ஒக்சிசன் பிரிச்சுக் குடுக்கிற மெசின், கொன்சன்ட்ரேட்டர், கட்டிலுக்குப் பக்கத்தில இரவுபகலா ஓடுது. 2025 பெப்ரவரி 9, அந்த ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை சப்ஸ்டேசனில குரங்கு பாய்ஞ்சு முழு நாட்டுக்கும் கரண்ட் போச்சுதே, நீங்கள் எல்லாரும் குரங்குப் பகிடி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் நான் மெசின் நிண்டு, ஒக்சிசன் சிலிண்டரில இருந்த முள்ளைப் பாத்துக்கொண்டு இருந்தன். அது கீழ இறங்க இறங்க மனிசி ஒண்டும் கதைக்கேல்லை. 2022இல 13 மணித்தியாலம் வெட்டினவங்கள்தான், ஆனால் அப்ப மெசின் இல்லை. மாமி விசிறியைக் கையில வைச்சுக்கொண்டு அரசாங்கத்தைத் திட்டிச் சமாளிச்சா.

ஒரு கொம்பனிப் பெடியன் வந்தான். பில்லைப் பாத்தான், விலை கூடுற 180 யூனிட்டுக்கு மேல எவ்வளவு போகுதெண்டு பாத்தான். "5 கிலோவாட் போடுங்கோ சேர், மாதம் 550, 600 யூனிட் வரும், லோன் தன்பாட்டில கட்டுப்படும்." கரண்ட் போனால் என்ன நடக்கும் எண்டு கேட்டன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "அப்ப சோலாரும் நிக்கும் சேர்" எண்டான். இதை நீ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையேடா! லைனில ஏறி வேலை செய்யிறவனுக்கு எங்கட கூரையால கரண்ட் அடிக்கக்கூடாது, அதால பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக்கிற இன்வேர்ட்டர் தானே நிக்குது, நியாயம். ஆனால் வெளியில வெயில் கொளுத்த, மேல பனல் நிரம்பிக் கிடக்க, உள்ள மாமி மூச்சுக்கு இழுக்கிறதெண்டால் அந்த லோன் எனக்கு என்னத்துக்கு?

அதால லைன் போனாலும் பற்றறியில வீட்டை ஓட்டுற ஹைபிரிட் இன்வேர்ட்டரும் லித்தியம் பற்றறியும் எண்டு முடிவெடுத்திட்டன். விலை நெஞ்சை அடைக்குது. இருந்தாலும் கணக்கைப் பார்: மெசினுக்கு ஏறத்தாழ 350 வாட். 5 யூனிட் பற்றறியெண்டால் அது மட்டும் 12 மணித்தியாலத்துக்கு மேல ஓடும். ஒரு விசிறி, ரெண்டு பல்ப், வைஃபை சேர்த்தாலும் ஒரு 10 மணித்தியாலம். ஏசியும் கேற்றிலும் அந்தப் பக்கம் தலைகாட்டக்கூடாதெண்டு சட்டம் போட்டதில சின்னவள் என்னோட கோவம்.

விக்கிற காசை நம்பி இறங்கிறதுக்கு இப்ப காலமும் இல்லை. 2025 சித்திரை வருசப்பிறப்புக்கு, 13ஆம் திகதி தொடங்கி 21 வரைக்கும், பின்னேரம் 3 மணி மட்டும் கூரைச் சோலாரை நிப்பாட்டி வையுங்கோ எண்டு மின்சார சபையே கேட்டுது. பக்டரியெல்லாம் பூட்டு, பகலில கரண்டுக்கு ஆளில்லை, லைன் தாங்காது எண்டு. நீ நிப்பாட்டினியோ? உன்னைத் தெரியும். அவைக்கு வேணுமெண்டது மத்தியானக் கரண்ட் இல்லை, இரவு 6.30க்கும் 10.30க்கும் இடையிலதான். அந்த நேரம் எங்கட பற்றறியை மாமிக்கெண்டு நிரப்பி வைச்சிருக்கவேணும், பிறகு என்னத்தை விக்கிறது.

மேற்குப் பக்கம் புதுசா எழும்பின அப்பார்ட்மென்ட்டை நீ இன்னும் பாக்கேல்லை. மூண்டு மணிக்குப் பிறகு எங்கட கூரையில பாதி அதின்ர நிழல். ஒரே வரிசையில தொடுத்த பனலில ஒண்டில நிழல் விழுந்தாலும், வண்டியில ஒரு மாடு நொண்டினது போல மற்றதுகளும் இழுபடும். பெடியன் மேல ஏறியும் பாக்காமல்தான் 600 யூனிட் சொன்னவன்! கடல் வேறை கிட்ட. பனல் உப்புக்காத்துக்கெண்டு இருக்கிற சர்வதேச தரம், ஐ.இ.சி. 61701, அந்தச் சோதனை செய்ததா இருக்கவேணும், போல்ட்டெல்லாம் ஸ்டெயின்லெஸ் வேணும் எண்டு எழுதிக் குடுத்திட்டன். கூரை பழைய அஸ்பெஸ்டஸ். அதைத் துளைச்சுத் தூள் பறக்க விட நான் விடமாட்டன், மாமி இருக்கிற வீட்டில. அந்தப் பக்கம் சீட்டை முழுசா மாத்திறம்.

இனித்தான் உண்மையான தலையிடி. வயரிங் மாமாவின்ர அப்பா காலத்தது: மரக் கேசிங், பீங்கான் பியூஸ், வட்டப்பின் பிளக். கரண்ட் லீக்கானால் வெட்டுற ட்ரிப் சுவிட்ச் பிறகு ஆரோ போட்டிருக்கினம், டெஸ்ட் பட்டனை அமத்தினால் விழுகிறதே இல்லை. எங்கட எலெக்ட்ரீசியன் அண்ணை போர்ட்டைத் திறந்து பாத்திட்டு, "தம்பி, மேல வைக்கிற காசில பாதியை முதல்ல சுவருக்குள்ள வையும்" எண்டார். புது எர்த் றொட், இடிமின்னல் அதிர்ச்சியைத் தாங்கிற சேர்ஜ் அரெஸ்டர், மாமியின்ர அறைக்கெண்டு தனிச் சின்ன டீபி (பியூஸ் போர்ட்), அதின்ர நியூட்ரலும், கரண்ட் திரும்பிப் போற வயர், மற்றப் போர்ட்டின்ரயும் கலக்காமல். அவர் சொன்ன இன்னொண்டு எனக்கு நித்திரையைக் குழப்பினது. கரண்ட் இல்லாத நேரம் இன்வேர்ட்டர் தனிய ஓடேக்க நியூட்ரல் எங்கேயும் எர்த்தோட சேராமல் நிண்டால், எர்த்துக்கு லீக்கானாலும் ட்ரிப் சுவிட்ச் விழாதாம். அந்த நேரம் ரெண்டையும் சேர்க்கிற ரிலே உள்ள இருக்கா எண்டு கொம்பனியைக் கேட்டன். "பாத்துச் சொல்லுறன் சேர்" எண்டு போனவன், போனவன்தான். வேறை கொம்பனி தேடுறன்.

பாதுகாப்புக்கு ஒரு சிலிண்டர் எப்பவும் நிரப்பி வைக்கிறம், பற்றறி வந்தாலும் அது இருக்கும்.

இப்ப உன்னட்டை ஒரு கேள்வி, லெக்சர் வேண்டாம், மறுமொழி மட்டும். இப்பவே மூண்டு பேஸுக்கு மாறட்டோ, இல்லை 30 அம்ப் ஒரு பேஸிலயே நிக்கட்டோ? மனிசி இண்டக்ஷன் அடுப்பு வேணுமெண்டுறாள், கேஸ் கியூவை அவள் இன்னும் மறக்கேல்லை. சுவரை உடைக்கிறது ஒருக்காத்தான், ரெண்டாம்தரம் உடைச்சால் என்னை வீட்டை விட்டுக் கலைப்பாள். வாற மாதம் வேலை தொடங்க முதல் எழுது. ஆடிக்கு வரேக்க உன்ர எர்த் டெஸ்டரையும் தூக்கிக்கொண்டு வா, பஸ்ஸில மறந்து விட்டிடாதை.

உன்ர,
கட்டையன்