பயாப்ஸி வேண்டாம் என்று சொல்லாதே

அன்புள்ள முருகேசு,

மகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. தம்பி விஷயம்தான் மனதை அழுத்துகிறது. இரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியதுமே, மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்கிறது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டி, பயாப்ஸி (சிறுநீரகத் திசுவில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம் என்கிறீர்கள் போல. வேறு காரணமும் இருக்கலாமப்பா.

பிகே வைரஸ் என்று ஒன்று உண்டு. 1971-இல் லண்டனில், சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவரின் சிறுநீரில் சில்வியா கார்ட்னர் குழுவினர் கண்டுபிடித்தது. நம்மில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் சும்மா கிடக்கும். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கியதும் பெருகத் தொடங்கும்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இதுவும் நிராகரிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். வைத்தியமோ நேரெதிர். நிராகரிப்பு என்றால் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பை இன்னும் அடக்குவார்கள். வைரஸ் என்றால் இருக்கிற மாத்திரையைக் குறைப்பார்கள். ஆளை மாற்றி அடித்தால் சிறுநீரகமே போய்விடலாம். அதனால்தான் பயாப்ஸியில் எடுத்த திசுவில் எஸ்வி40 ஸ்டெயின் என்ற நிறமேற்றும் சோதனை செய்து பார்க்கிறோம். எஸ்வி40 குரங்குகளின் வைரஸ், பிகேவுக்கு நெருங்கிய உறவு. அதன் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி பிகேவின் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். தொற்றிய செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும்.

திசுவிலேயே பிசிஆர் (வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் சோதனை) செய்தால் போதாதா என்று கேட்பாய். சும்மா கிடக்கிற வைரஸின் டிஎன்ஏவும் அதில் சிக்கிவிடும். நோய் எங்கே நடக்கிறது என்பதைக் காட்டுவது ஸ்டெயின்தான். ஆனால் இந்த வைரஸ் அங்கங்கே திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், சிறுநீரகத்தின் உள்பகுதியான மெடுல்லாவில் அதிகம். சின்னத் துண்டில் தப்பிவிடலாம். அதனால் இரண்டு துண்டு எடுக்கிறார்களா, மெடுல்லாவும் வருகிறதா என்று டாக்டரிடம் தயங்காமல் கேள். இரத்தத்தில் பிகே பிசிஆர் செய்தார்களா என்பதையும் கேள். மில்லிலிட்டருக்கு 10,000 வைரஸ் பிரதிகளுக்கு மேல் நீடித்தால், பயாப்ஸியில் தெரியாவிட்டாலும் வைரஸ் சிறுநீரகத்தைத் தாக்குவதாகவே சந்தேகிப்பார்கள். மாற்றுக்குப் பிறகு முதல் 9 மாதம் மாதாமாதம் இந்தச் சோதனை செய்வதே நல்லது. சிறுநீரகம் கெடுவதற்கு முன்பே பிடித்துவிடலாம்.

வைரஸை நேரடியாக ஒழிக்க நிரூபணமான மருந்து இன்னும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்து மாத்திரையைக் குறைப்பதுதான் வழி. அதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும். தம்பி பயந்துபோய்த் தானாக எதையும் நிறுத்திவிடக் கூடாது, கண்டிப்பாகச் சொல்லிவை.

ரிப்போர்ட் வந்ததும் அனுப்பு, நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
இளங்கோ