‘ஃபைன் கட்டினால் முடிந்துவிடும்’ என்று சொன்னவன் நான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போவது, சுயவிவரம் எப்படி எழுதுவது என்று வாராவாரம் வருகிறது. வேலை கிடைத்து, அடையாள அட்டையும் கழுத்தில் ஏறி, மூன்று வாரத்தில் அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிற கதை அந்தப் பக்கத்தில் வருவதில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது.

தம்புச் செட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் 31 ஆண்டு குமாஸ்தாவாக இருந்தேன். சென்னையில் நான் கேஸ் கட்டோடு ஏறி இறங்காத கோர்ட் குறைவு. 2011-இல் எங்கள் தெருப் பையன் ஒருவன் ஒரு கேஸில் மாட்டினான். அப்போது அவனுக்கு 19 வயது. கிரிக்கெட் ஆட யார் முதலில் இடம் பிடித்தது என்று இரண்டு கும்பலுக்குள் வாய்த்தகராறு, பிறகு கைகலப்பு. எதிராளிப் பையனுக்கு உதடு கிழிந்தது. அவனுடைய அப்பா நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்துக் காயப்படுத்தியது என்று எஃப்ஐஆர். அடுத்த மாதமே இரண்டு பையன்களும் ஒரே டீமில் ஆடினார்கள். ஆனால் கேஸ் நடந்துகொண்டிருந்தது.

மூன்று வாய்தாவுக்கு வந்தான். ஒவ்வொரு முறையும் அவன் அம்மா வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூட வந்து, மதியம் வரை வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்புவார். நான்காவது முறை அந்த வராந்தாவில் வைத்து நான்தான் சொன்னேன்: “சாட்சி, விசாரணைன்னு இன்னும் ரெண்டு வருஷம் இழுக்கும்டா. அட்மிட் பண்ணிட்டு ஃபைன் கட்டிடு. இன்னையோட முடிஞ்சுடும்.” கூண்டில் ஏறினான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார்கள். “ஒத்துக்கிறேங்க ஐயா” என்றான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 1,000 ரூபாய் ஃபைன். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் அவன் அம்மா எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு இப்போது என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது.

அதற்குப் பிறகு 14 ஆண்டு அவன் பேரில் ஒரு புகார் கிடையாது. மாதவரத்தில் ஒரு கிடங்கில் மூட்டை இறக்கச் சேர்ந்து, அங்கேயே சூப்பர்வைசர் ஆனான். கல்யாணம் ஆகி இரண்டு பெண் குழந்தைகள். போன வருடம் ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்தான். மேடவாக்கத்தில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டான்.

சேரும்போது ஆங்கிலத்தில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். எப்போதாவது குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி. இவன் “இல்லை” என்று டிக் செய்தான். பொய் சொல்ல வேண்டும் என்று செய்யவில்லை. தண்டனை என்றால் புழல் ஜெயிலுக்குப் போவது. ஃபைன் கட்டியது எப்படித் தண்டனை ஆகும் என்பதுதான் அவன் எண்ணம். அவனுக்கு வேறு யாரும் சொல்லவும் இல்லை. மூன்று வாரம் கழித்து பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், அதாவது ஆளின் பின்னணியை விசாரித்த அறிக்கை வந்தது. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குறிப்பார்களாம். இவனுக்குச் சிவப்பு. “கேஸ் எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை, மறைத்ததுதான் விஷயம்” என்றார்களாம். முதலிலேயே “ஆம்” என்று டிக் செய்திருந்தால் உள்ளே விட்டிருப்பார்களா? எனக்கு நம்பிக்கை இல்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். திட்டவில்லை. “மாமா, நீங்கதானே முடிஞ்சுடும்னு சொன்னீங்க” என்று மட்டும் கேட்டான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 ரூபாய் ஃபைன் கட்டினாலும் ஏட்டில் அது தண்டனைத் தீர்ப்புதான். 31 ஆண்டு அந்த வேலையில் இருந்த எனக்கு அது தெரியும். ஆனால் அது ஒருவன் வாழ்க்கையில் 14 ஆண்டு கழித்து வந்து நிற்கும் என்று தோன்றியதே இல்லை. அந்தக் காலத்தில் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனால் தூசியோடு தூசிதான். இப்போது இ-கோர்ட்ஸ் தளத்தில் கட்சிக்காரர் பெயரையும் வருடத்தையும் தட்டினால் வழக்கு வந்து நிற்கிறது. கோர்ட் நடவடிக்கை ஊரறிய நடக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த ஏட்டை வைத்துக்கொண்டு ஒருவனைக் காலம் முழுக்கச் சுமக்கவைப்பதைத்தான் மறுக்கிறேன்.

அன்று வேறு வழி இருந்தது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 323-ஐ அடிபட்டவரோடு சமாதானமாக முடித்திருக்கலாம். சட்டப்படி அது விடுதலைக்குச் சமம். 294(பி)-க்கு அப்படிச் சமாதானம் கிடையாது. ஆனால் 1958-இல் வந்த குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தில், முன்பு தண்டனை பெறாதவரை 3-ஆம் பிரிவின்படி கண்டித்து அனுப்பிவிட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பால் வரக்கூடிய தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அது தீர்ப்பை ஏட்டிலிருந்து அழித்துவிடாது என்றாலும், கையில் காட்ட ஒரு காகிதமாவது இருந்திருக்கும். அந்த மனுவை நான் டைப் செய்து நீட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை. செய்யவில்லை.

அவனே 17 வயதில் அதே சண்டையைப் போட்டிருந்தால் கதை வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவு, மிகக் கொடிய குற்றம் செய்த 16 வயதுக்கு மேற்பட்டவர்களைத் தவிர மற்ற சிறார்களுக்குத் தகுதியிழப்பு கூடாது, உரிய காலம் கழித்துப் பதிவுகளையே அழிக்க வேண்டும் என்கிறது. 19 வயதுப் பையனுக்கு அந்தக் கருணை இல்லை.

தேர்தல் சட்டத்தையும் பாருங்கள். இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவர், விடுதலையாகி ஆறு ஆண்டு வரை தேர்தலில் நிற்க முடியாது. அதற்குப் பிறகு நின்று எம்.எல்.ஏ. ஆகலாம், சட்டமும் இயற்றலாம். அவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடாது என்று நான் சொல்லவில்லை. நாட்டை ஆள வருகிறவருக்கே ஒரு கெடு வைத்த சட்டம், ஸ்டோர் சாவி வைத்திருக்கப் போகிறவனுக்கு ஏன் ஒரு கெடுவும் வைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. பிரிட்டனில் 1974-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். சிறு தண்டனைகள், குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்தால், சாதாரண வேலைகளுக்குச் சொல்ல வேண்டாதவையாகிவிடும். நம் நாட்டில் அப்படி ஒரு பொதுச் சட்டம் இல்லை.

நம் உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் கொஞ்சம் வழி காட்டியது. சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை ஒருவர் படிவத்தில் சொல்லாமல் விட்டிருந்தால், அதைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. ஆனால் அது அரசு வேலை பற்றிப் பேசியது. முடிவும் வேலை தருகிறவர் கையில்தான். தனியார் கம்பெனி ஊழியன் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே போவான்? பெயரை மறைக்கக் கேட்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்கச் சொல்லி நம் சென்னை உயர் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. விடுதலையானவர் நிலைமையே இது.

குழந்தைகளை ஏற்றிப் போகும் பள்ளி வேன் டிரைவர், முதியோரைத் தனியே கவனிப்பவர், இவர்களைப் பற்றியெல்லாம் நன்றாக விசாரிக்கத்தான் வேண்டும். எனக்கும் பேத்திகள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டோர் வேலைக்கும் 14 ஆண்டுக்கு முந்தைய கிரிக்கெட் சண்டைக்கும் என்ன தொடர்பு என்று ஒருவராவது அவனை உட்காரவைத்துக் கேட்டிருக்க வேண்டாமா? அறிக்கையின் பிரதியைக்கூட அவன் கையில் தரவில்லை.

சின்னக் குற்றங்களுக்கு ஒரு கெடு வைத்துச் சட்டம் வர வேண்டும். அது வரும்வரை, ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பதற்கு முன்னால், “ஒப்புக்கொண்டால் இது தண்டனையாகப் பதிவாகும், பின்னால் வேலைக்கு இடைஞ்சலாகலாம்” என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்லட்டும். சொல்ல நீதிபதிக்கு நேரம் இல்லையென்றால் வக்கீல்களும் என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் சொல்ல வேண்டும். இலவச சட்ட உதவி மையங்கள் நாள்தோறும் செய்யலாம். தானாக ஒப்புக்கொண்டவருக்கு, தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் தவிர வேறு எதற்கும் மேல்முறையீடு கிடையாது. அந்த ஒரு சொல்லோடு கதவு சாத்திக்கொள்கிறது.

ஏற்கெனவே அட்மிட் செய்துவிட்டு மறந்துபோனவர்கள் இந்த ஊரில் ஏராளம். அடிதடி, பொது இடத்தில் கலாட்டா செய்ததாகப் போடும் 75 கேஸ், குடித்துவிட்டு வண்டி ஓட்டியது என்று ஏதோ ஒன்று. அவர்களுக்குச் சொல்கிறேன்: புது வேலைக்குப் படிவம் நிரப்புவதற்கு முன் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை யாரிடமாவது படித்துக் காட்டிப் பொருள் கேளுங்கள். தண்டிக்கப்பட்டதுண்டா என்று இருந்தால் “ஆம்” என்று எழுதி, என்ன பிரிவு, எந்த வருடம், எவ்வளவு ஃபைன் என்று கீழே இரண்டு வரி சேருங்கள்.

அந்தப் பையனுக்காக நகல் மனு போட்டுவிட்டு நானும் அவனும் காத்திருக்கிறோம். ஆறு வாரம் ஆகிறது. பழைய கட்டு, தேட வேண்டும் என்றார்கள். கம்பெனிக்கு மூன்று வாரத்தில் கிடைத்த விவரம் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை.

அவன் அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
பெரம்பூர், சென்னை.