2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சந்தா, மண்டப வாடகை, கல்வி நிதி ஆகியவற்றைப் பொருளாளரின் அறிக்கை விளக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தின் முன்னாள் ஆலைத் தொழிலாளர்களிடையே காணப்படும் நுரையீரல் நோய் தொடர்பாகச் செயற்குழு மேற்கொண்ட பணியை மட்டுமே இங்கு விவரிக்கிறேன்.

ரப்பர், செம்பனை ஆலைகளில் கொதிகலனையும் நீராவிக் குழாய்களையும் சுற்றியிருந்த பழைய வெப்பக்காப்பு உறையைப் பிரித்தவர்களும், பட்டறையில் லோரி பிரேக்கின் தூளை ஊதித் துடைத்தவர்களும், கூரைத் தகடுகளை ரம்பத்தால் அறுத்தவர்களும் நம்மிடையே உள்ளனர். அக்காலத்தில் இப்பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நாரைக் கலப்பது வழக்கமாக இருந்தது. அத்தூசியால் வரும் புற்றுநோய் பெரும்பாலும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவதால், நோயாளியும் மருத்துவரும் பழைய வேலையை நினைத்துப் பார்ப்பதில்லை.

நோயுற்றோரின் குடும்பங்களைச் சந்தித்தபோது, "அவரு சிகரெட் புடிச்சவருதானே, கேட்டு என்ன ஆவப் போவுது?" என்ற பதிலே அதிகம் கிடைத்தது. இது பாதி உண்மைதான். வட அமெரிக்காவின் வெப்பக்காப்புத் தொழிலாளர்களைப் பற்றி ஹேமண்ட், செலிக்கோஃப் குழுவினர் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, புகைபிடித்தலோடும் ஆஸ்பெஸ்டாஸோடும் தொடர்பில்லாதவரைவிட, புகைக்காத ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு. ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பின்றிப் புகை மட்டும் பிடிப்பவருக்கு ஏறத்தாழ 11 மடங்கு. இரண்டும் சேர்ந்தவருக்கோ 50 மடங்கைத் தாண்டுகிறது. இரு ஆபத்துகளும் கூட்டலாக அன்றிப் பெருக்கலாகவே ஏறுகின்றன என்பதே இதன் பொருள். ஆகவே சிகரெட்டைக் காட்டித் தூசியின் பங்கை மறைப்பது நியாயமாகாது. அதேவேளை, தூசியை ஏற்கெனவே சுவாசித்தவரே எல்லோருக்கும் முன்னதாகப் புகையை நிறுத்த வேண்டியவர். நிறுத்திய சில ஆண்டுகளில் அவருடைய ஆபத்தும் கணிசமாகக் குறைகிறது. நுரையீரல் உறையைத் தாக்கும் மீசோதீலியோமா எனும் புற்றுநோய்க்குப் புகைபிடித்தல் காரணமே அல்ல. கணவரின் தூசி படிந்த வேலை உடுப்புகளைத் துவைத்த பெண்களுக்கும் அந்நோய் வந்ததுண்டு என்பதால், மகளிர் பிரிவினரிடமும் விவரம் கேட்கத் தொடங்கியுள்ளோம்.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தொழில்சார் நோய்களுக்கும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வழியாக இழப்பீடு வழங்குகிறது. ஆனால் வேலை செய்ததற்குச் சான்று காட்டுவதே நம்மவர்களுக்குப் பெரும்பாடு. தோட்டங்கள் கைமாறிவிட்டன; பழைய செக்ரோல் (வருகை, சம்பளப் பதிவு) ஏடுகள் அழிந்துவிட்டன என்று ஒரு நிர்வாகம் கைவிரித்தது. எனவே எந்த ஆலை, எந்த ஆண்டுகள், எந்த வேலை, உடன் வேலை செய்தவர் யார் என்பதை உறுப்பினர்களிடமே கேட்டு எழுதி, மருத்துவரிடம் காட்ட ஒரு படிவம் தயாரித்தோம். இவ்வாண்டில் சங்கம் செய்த உருப்படியான காரியம் இதுவே என்பது என் கருத்து.

கோயில் மண்டபத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கோத்தோங் ரோயோங்கில் (கூட்டுச் சேவைப் பணியில்) உடைத்து இறக்கும் திட்டத்தைச் செயற்குழு நிறுத்தியதில் இளைஞர்களுக்கு வருத்தமே. முழுதாக இருக்கும் தகட்டால் ஆபத்து குறைவு. உடைப்பதும் அறுப்பதும்தான் நாரைக் காற்றில் கலக்கும். தகட்டை நனைத்து, உடையாமல் கழற்றத் தெரிந்த குத்தகையாளரிடம் அவ்வேலை ஒப்படைக்கப்பட்டது. செலவு கூடியதைப் பொருளாளர் மறக்கமாட்டார்.

பழைய சம்பளச் சீட்டு, சொக்சோ அட்டை, ஆலையில் எடுத்த புகைப்படம் வைத்திருப்போர் அவற்றின் நகலைத் துணைச் செயலாளரிடம் ஒப்படைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்