பூசாத செங்கல் சுவரில் பீய்ச்சியடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் முடிந்ததும் வீட்டில் பார்க்க வேண்டிய பராமரிப்பு வேலைகளைப் பற்றி, சென்ற வார இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மொட்டை மாடி, தண்ணீர்க் குழாய், கதவு நிலை என்று எல்லாவற்றையும் பற்றி நிதானமாக எழுதிக்கொண்டு வந்த கட்டுரையாளர், பாசிக்கு வந்ததும் வழுக்கிவிட்டார். பூசாத செங்கல் சுவரில் பாசி படிந்திருந்தால், வண்டி கழுவும் உயர் அழுத்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து அடித்தால் ஒரே நாளில் சுவர் புதிதாகிவிடும் என்கிறார். புதிதாகும் என்பது உண்மைதான், அடுத்த மழை வரைக்கும்.

நான் எழுதுவது குமரி மாவட்டத்திலிருந்து. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்கும் மண் இது. பக்கத்துத் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லைப் பூசாமல் கட்டிக் காட்டியதைப் பார்த்து, இந்தப் பக்கமும் பலர் அப்படியே கட்டினார்கள். ஆகவே செங்கல்லும் பாசியும் எங்களுக்கு அன்றாட விவகாரம். கட்டட மேற்பார்வையில் காலம் கழித்தவன் என்ற முறையிலும் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குச் சென்ற ஆண்டு இந்த வைத்தியம் நடந்தது. பீய்ச்சியின் முனை போன தடம் இன்றும் சுவரில் விசிறி விசிறியாகத் தெரிகிறது. செங்கல்லை நகத்தால் கீறினால் செம்பொடி உதிர்கிறது. செங்கல் வரிகளுக்கு இடையே இருந்த கலவை, விரல் நுனி உள்ளே போகிற ஆழத்துக்குக் காணாமல் போயிருக்கிறது. அது பேக்கர் பரப்பிய 'எலிப்பொறி' முறையில், நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டிய சுவர். கலவை போன இடங்களில் தண்ணீர் அந்த வெற்றிடத்துக்குள் இறங்கி, உள்பக்கம் படுக்கையறைப் பூச்சில் ஊறி வெளியே வந்தது. பாசியோ, கழுவாத பின்சுவரைவிடக் கழுவிய முன்சுவரில்தான் இந்த மழைக்கு அடர்ந்து நிற்கிறது.

காரணம் எளிது. சூளையில் வெந்த செங்கல்லுக்கு வெளித்தோல் ஒன்று உண்டு. உட்புறத்தைவிட அது இறுகியது. அந்தத் தோல் உரிந்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் நுண்துளைகள். சாதாரணச் செங்கல் 24 மணி நேரம் ஊறும்போது தன் எடையில் 20 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கலாம் என்று செங்கல்லுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1077-ஏ இடம் தருகிறது. மூன்று கிலோ செங்கல் என்றால் அரை லிட்டருக்கும் மேல். பாசிக்கு வேண்டியது ஈரமும் வெளிச்சமும்தான். தோல் உரித்த சுவர் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொடுக்கிறது. மாடித் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்கு வரும் அழுத்தம் ஒரு 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவைக்கூடத் தொடுவதில்லை. வாடகை இயந்திரமோ நூறு பாருக்கு மேல் அடிக்கிறது. காருக்குப் பெயிண்ட் இருக்கிறது, தாங்கும். நாட்டுச் செங்கல்லுக்கு என்ன இருக்கிறது?

பாசிக்கு வேர் கிடையாது. மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கொன்றுவிட்டால் போதும், தானே விட்டுவிடும். சுவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரிதான் இதற்கு ஏற்ற காலம். இரண்டு மூன்று நாள் மழை வராது என்று தெரிந்த பிறகு தொடங்கலாம். முதலில் தடித்துக் கிடப்பதை மரக் கரண்டியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ வழித்துவிடுங்கள். பிறகு பாசியைக் கொல்லும் மருந்தான பென்சல்கோனியம் குளோரைடு. ரசாயனக் கடைகளில் 50 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு 25 லிட்டர் தண்ணீர் சேர்த்து, பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிப்பானால் கீழிருந்து மேலாக நனைய நனைய அடியுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். முன்பு பூச்சிமருந்து அடித்த தெளிப்பானாக இருந்தால் நன்றாகக் கழுவி, இந்த வேலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். குளத்திலோ மீன் தொட்டியிலோ கிணற்றிலோ இது கலக்கக் கூடாது, மீனுக்கு ஆகாது.

அடித்ததும் கழுவக் கூடாது. அங்கேதான் நம் ஆட்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. பச்சை பழுப்பாகி, காய்ந்து, சருகாக வேண்டும். அதற்குச் சில நாள்கள் ஆகலாம், சில வாரங்களும் ஆகலாம். அதன்பின் தும்புப் பிரஷால் தேய்த்து, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசினால் தீர்ந்தது. எங்கள் ஊரில் பனந்தும்புக்குப் பஞ்சமில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தினால் பதமாக இருக்கும். கம்பிப் பிரஷ் பக்கம் போகாதீர்கள். அது செங்கல்லைக் கீறுவதோடு, உடைந்த கம்பித் துணுக்குகள் துளைகளில் தங்கித் துருக்கறையும் இறக்கும்.

எல்லாப் பாசியும் பச்சை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மதில்களில் கரிப்புகை அடித்ததுபோல் தெரியும் கறுப்பு, பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசிதான். ஆரஞ்சு நிறத்தில் வெல்வெட்டுபோல் படர்வது டிரென்டிபோலியா. வகைப்பாட்டில் அது பச்சைப்பாசி, உள்ளிருக்கும் கரோட்டின் நிறமி பச்சையை மறைத்துவிடுகிறது. 2001இல் கேரளத்தில் சிவப்பு மழை பெய்து ஊரே கலங்கியதே, அதற்கும் இதன் வித்துகளே காரணம் என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். சிவப்புச் செங்கல்லில் இது படர்ந்தால் செங்கல்லின் நிறம் என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். இலேசில் விடாது. மருந்தை இரண்டாம் முறையும் அடிக்க நேரலாம்.

பிளீச்சிங் பவுடரைப் பலரும் கேட்பார்கள். பாசியைக் கொல்லும், மறுப்பதற்கில்லை. ஆனால் செங்கல்லுக்குள் உப்பை விட்டுச் செல்லும். வெயிலில் அது வெள்ளையாகப் பூத்து மேற்பரப்பைப் பொரிய வைக்கும். சன்னல் கம்பிக்கும் கேடு. ஆசிட் அதைவிட மோசம், இணைப்புக் கலவையைக் கரைத்துவிடும். இவை இரண்டையும் ஒன்றுசேர்ப்பது தற்கொலைக்குச் சமம்: கிளம்புவது குளோரின் வாயு. பிளீச்சிங் தெளித்த சுவரில் கறை போகவில்லை என்று கழிப்பறை ஆசிட்டை ஊற்றுகிற ஆட்களை நான் வேலைத்தளத்தில் தடுத்திருக்கிறேன். உங்கள் கட்டுரை இதைப் பற்றி ஒரு வரியாவது எச்சரித்திருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அதே இடத்தில் பாசி வந்தால் அண்ணாந்து பாருங்கள். நிரம்பி வழியும் மாடித் தொட்டி, சுவரிலேயே சொட்டும் ஏ.சி. தண்ணீர், தண்ணீர் சுவருக்கு ஓடாமல் தடுக்கும் நீர்க்கோட்டை அடியில் வெட்டாமல் விட்ட சன்ஷேடு, இவற்றில் ஒன்று நிச்சயம் கண்ணில் படும். சுவரின் அடிப்பகுதியில் மட்டும் பச்சை என்றால், கூரைத் தண்ணீர் சிமெண்ட் முற்றத்தில் விழுந்து தெறிக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் ஓர் அடி அகலத்துக்குச் சிமெண்டைப் பெயர்த்துவிட்டு ஜல்லி போட்டால் தெறிப்பு நின்றுவிடும். பேக்கர் கூரையை அகலமாக வெளியே இழுத்தது அழகுக்காக மட்டுமா?

கடைசியாக, பளபளக்கும் கிளியர் பூச்சு அடித்துச் சுவரை மூடிவிடலாம் என்றும் கட்டுரையில் இருக்கிறது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் உப்பு திரண்டு, செங்கல் முகத்தோடு சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். அடித்தே ஆக வேண்டும் என்பவர்கள் சுவரை மூச்சு விட வைக்கும் சிலேன்-சிலாக்சேன் என்ற நீர்விலக்கி வகையைக் கேட்டு வாங்கட்டும், அதுவும் சுவர் முழுக்கக் காய்ந்த பிறகு.

சொந்த வீட்டுச் சுவர் அவரவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் 1892இல் கட்டி முடித்த சென்னை உயர் நீதிமன்றம் தொடங்கி, மாவட்டங்களில் இருக்கும் பழைய பள்ளிகள், பங்களாக்கள் வரை செங்கல் கட்டடங்கள் நம்மிடம் ஏராளம். அந்தக் காலத்து இணைப்பு சுண்ணாம்புச் சாந்து, சிமெண்டைவிட மென்மையானது. பராமரிப்புப் பொறுப்பில் இருக்கும் யாராவது உங்கள் கட்டுரையைக் கத்தரித்துக் கோப்பில் வைத்து, ஒப்பந்ததாரரிடம் இயந்திரத்தோடு வரச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் என் பயம். ஆகவே அடுத்த இதழிலேயே, பொங்கலுக்கு முன்பாக, அந்தப் பத்தியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மார்த்தாண்டம்.