மருந்துக்கு அடங்காத படைநோய்: பரிசோதனை வசதியும் களிம்பு விற்பனையில் நடவடிக்கையும் வேண்டி மனு

அனுப்புநர்:
குடியிருப்பாளர்கள் சார்பில் ஒரு குடும்பத் தலைவி,
பட்டர்வொர்த், பினாங்கு.
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பினாங்கு மாநில சுகாதாரத் துறை,
ஜார்ஜ்டவுன்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஆண்டு தைப்பூசம் முடிந்த சில நாட்களில், பாவாடை நாடா இறுகும் இடத்தில் எனக்கு 20 சென் காசு அளவில் ஒரு படை வந்தது. வேர்வையால் வந்தது என்று நினைத்தேன். பக்கத்து மளிகைக் கடையில் 8 ரிங்கிட்டுக்கு ஒரு களிம்பு கொடுத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்தது, எந்தப் படைக்கும் கேட்கும் என்றார்கள். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. பூசுவதை விட்ட இரண்டாம் வாரம் உள்ளங்கை அகலத்துக்குத் திரும்பி வந்தது. மறுபடி வாங்கினேன். ஐந்து மாதத்தில் மாமியாருக்கும், பிறை நகரில் இரவு வேலை பார்க்கும் என் கணவருக்கும், ஏழு வயது மகளின் கழுத்துக்கும் தொற்றிவிட்டது. ஒரே துண்டில் துவட்டிக்கொண்டிருந்தோம்.

களிம்பு டியூபைப் பார்த்த மருத்துவர் முதலில் தேடியது, மலேசியாவில் பதிவு பெற்ற மருந்துக்குரிய மால் (MAL) பதிவு எண்ணை. அது இல்லை, அசல் மருந்துக்கு அடையாளமான ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லை. உள்ளே இருந்தவை மூன்று: பூஞ்சைக்கொல்லி ஒன்று, பாக்டீரியாவுக்கான மருந்து ஒன்று, குளோபெட்டாசோல் என்னும் கடும் ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கி, படைக்குக் காரணமான பூஞ்சையோடு போராடும் தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்கிவிடுகிறது. ஆறிவிட்டது என்று நாம் நம்பும் வேளையில் பூஞ்சை அடியில் படர்கிறது. என் மகளின் கழுத்துத் தோல் மெலிந்து வெளுத்திருப்பதற்கு நான் பூசிய களிம்பே காரணம். இதை எழுதும்போதும் மனம் ஆறவில்லை.

பிறகு டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக்கொல்லி மாத்திரையை ஆறு வாரம் விடாமல் சாப்பிட்டோம். யாருக்கும் குணமாகவில்லை. பூஞ்சை தன் செல்சுவருக்கு அடியிலுள்ள சவ்வைக் கட்டத் தேவையான ஒரு நொதியை இந்த மருந்து முடக்குகிறது. அந்த நொதிக்கான மரபணு மாறிவிட்ட பூஞ்சையிடம் மருந்து தோற்றுப்போகிறது. இத்தகைய மாற்றம் மலிந்த டிரைக்கோபைட்டன் இண்டோடினியே என்ற இனத்தை 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார்கள். அது தெற்காசியாவில் பரவி, 2023இல் நியூயார்க்கிலும் பதிவானது. உறவும் வணிகமும் வேலையும் நாள்தோறும் இந்தியாவோடு இணைக்கும் பினாங்கில் இதைத் தேடிப் பார்க்க வேண்டாமா?

எங்களுக்கு எடுத்த சோதனையில் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்து, "பூஞ்சை உண்டு" என்று மட்டும் எழுதித் தந்தார்கள். எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதில் தெரியாது. பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனையிலும் இண்டோடினியே தன் நெருங்கிய இனங்களைப் போலவே தோன்றும். மரபணுவைப் படித்தால்தான் பிரித்தறிய முடியும். விடை தெரியாமலே இட்ராகொனசோல் என்ற வேறொரு பூஞ்சைக்கொல்லிக்கு மாறினோம். மாமியார் கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டினோடு அதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்பதால் அவருக்கு மட்டும் மருந்து தள்ளிப்போனது. அவர் இன்னும் இரவில் தூங்குவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட முன்னுரிமைப் பட்டியலில் 19 பூஞ்சைகள் உள்ளன. அவை பெரும்பாலும் உடலின் உள்ளே பரவி உயிரைப் பறிப்பவை. தோல் படை அங்கே இடம்பெறவில்லை. உயிருக்கு ஆபத்தில்லை என்பதாலேயே எங்கள் நோய் சிறிதாகத் தெரிகிறது என்று நான் நினைக்கிறேன். ஆனால் பூஞ்சையின் செல் நம் செல்லைப் போன்றது. நம்மைக் காயப்படுத்தாமல் அதை மட்டும் தாக்கும் மருந்து வகைகள் மிகச் சிலவே. தொடை இடுக்கிலும் மார்பின் கீழும் வருவதை மருத்துவரிடம் காட்டக் கூச்சப்பட்டு, கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில் களிம்பு கேட்கும் பெண்களை நான் நன்கு அறிவேன். அவர்களில் நானும் ஒருத்தி.

பதிவு பெறாத மருந்தை விற்பது 1952ஆம் ஆண்டு மருந்து விற்பனைச் சட்டப்படி குற்றம். தனிநபருக்கு முதல் முறையே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ விதிக்கலாம். தங்கள் மருந்தக அமலாக்கப் பிரிவு மளிகைக் கடைகளையும் இணைய விற்பனையையும் சோதிக்க வேண்டுகிறோம். சிறு கடைக்காரரை முதல் நாளே தண்டிக்கச் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு அதில் என்ன கலந்திருக்கிறது என்பதே தெரியாது. முதலில் எச்சரியுங்கள், சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள்.

எல்லாவற்றையும்விட அவசரமானது பரிசோதனை. உரிய மருந்தை முழுக்காலமும் சாப்பிட்டும் ஆறாதவர்களின் தோல் மாதிரியை, இனமும் மருந்து எதிர்ப்பும் கண்டறியும் ஆய்வகத்துக்கு அரசு கிளினிக்கிலிருந்தே அனுப்ப வழி செய்யுங்கள். அந்த முடிவுகளை, நாட்டின் 2022–2026 நுண்ணுயிர் மருந்து எதிர்ப்புச் செயல்திட்டத்தின் கீழ் தொகுக்கவும் வேண்டுகிறோம். கிளினிக் சுவர்களில் தமிழிலும் ஓர் அறிவிப்பு வையுங்கள்: மால் எண் இல்லாத களிம்பைப் பூசாதீர்கள், துண்டைப் பகிராதீர்கள், வீட்டில் படை உள்ள அனைவரும் ஒன்றாகச் சிகிச்சைக்கு வாருங்கள்.

இம்மனுவின் மலாய் மொழியாக்கமும், எங்கள் குடியிருப்பின் 31 குடும்பங்களது கையொப்பமும், நான் பயன்படுத்திய களிம்பின் இரண்டு காலி டியூப்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தாங்கள் அழைக்கும் நாளில் மகளோடும் மாமியாரோடும் நேரில் வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்